அக்காவுக்கு, அந்த மூன்று மணி நேரம் பற்றி

அக்கா,

போன வாரம் போனில், சர்க்கரைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை பசியையும் குறைக்கும் என்று சொன்னதும் "மறுபடியுமாடா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நாலு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன்.

ஊர் பார்க்க ஏன் எழுத வேண்டும் என்று கேட்பாய். தனியாக அனுப்பினால் நீ திறக்கவே மாட்டாய். நாலு பேர் படிக்கிறார்கள் என்றால், இவன் என்ன எழுதி மானத்தை வாங்கியிருக்கிறானோ என்று கட்டாயம் வந்து பார்ப்பாய். பயப்படாதே. நீ அப்போது ஏன் இளைக்க நினைத்தாய் என்பதை நான் எழுதப் போவதில்லை, அது உன் விஷயம். ஆறு வருடத்துக்கு முன் நாம் இரண்டு பேரும் எடை குறைக்கச் சாப்பிட்ட அந்த மூலிகைக் கேப்ஸ்யூல் பாட்டிலை எனக்குக் கொடுத்தது யார் என்பதும் இங்கே வராது. மாமாவும் இதைப் படிப்பார். (மாமா, நீங்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. நிறுத்த மாட்டீர்கள், தெரியும்.)

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கேப்ஸ்யூல் வேலை செய்தது. நடந்ததற்கு அப்புறம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் மற்ற எதையும் உனக்குப் புரியவைக்க முடியாது. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, பாதித் தட்டில் என் கை நின்றது. யாரும் போதும் என்று சொல்லவில்லை. வயிறு கனக்கவும் இல்லை. சும்மா, போதும் என்று இருந்தது. தலைக்குள் விவரம் தெரிந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ அணைத்த மாதிரி. ஒரு வேளை சாப்பிட்டு எழுந்ததும் அடுத்த வேளையைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியும் என்பதே எனக்கு 34 வயதில்தான் தெரிந்தது.

உனக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியும். பேச்சு சுவாரசியத்தில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போகிறவள் நீ. வீணாக்கக் கூடாது என்று அந்தப் பாதி யார் பக்கம் தள்ளப்பட்டது என்று ஞாபகம் இருக்கிறதா? "தம்பி தின்னுடுவான்." தின்றேன். அப்புறம் அதே வாயால் "குறைச்சு சாப்பிடுடா" என்று நீங்கள் எல்லோரும் சொல்ல ஆரம்பித்தீர்கள். எந்த வயதில் அது மாறியது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சரி, அதை விடு.

வாய் எந்நேரமும் காய்ந்து கிடந்தது. தூக்கம் போனது. இரவு இரண்டு மணிக்கு அலமாரியைக் கலைத்து அடுக்கிக்கொண்டிருப்பேன், அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டரை மாதத்தில் 9 கிலோ. நீ என்னைப் பார்த்து "ஆளே மாறிட்டேடா" என்றாய். எத்தனை வருடம் கழித்து என் உடம்பைப் பற்றி நீ நல்லதாக ஒன்று சொன்னாய் தெரியுமா? அந்த மிதப்பில்தான் இரண்டாவது பாட்டிலை உன்னிடம் கொடுத்தேன். நீயாகத்தான் கேட்டாய் என்பது உண்மை. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்பதும் உண்மை. உனக்குப் பிரசவத்திலிருந்து பிரஷர் மாத்திரை போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். "மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது" என்றேன். லேபிளில் அப்படித்தான் போட்டிருந்தது. நான் படித்ததைத்தான் சொன்னேன். படிக்கத் தெரிந்தவன் சொல்கிற சால்ஜாப்பா இது என்று நீ கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பன்னிரண்டாவது நாள் இரவு. வண்டியில் போனதெல்லாம் உனக்குத் தெரியும். அந்த அறையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

டியூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். திரையில் உன் நாடித்துடிப்பு 148 என்று காட்டியது, 151 ஆனது, மறுபடி 148. நீ மூச்சுக்கு நடுவே "நெஞ்சுக்குள்ள யாரோ ஓடுற மாதிரி இருக்கு" என்றாய். மாமா கட்டிலின் கால்மாட்டில் உன் செருப்பு இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. டாக்டர் கேட்டார்: "பிரஷர் மாத்திரை தவிர வேற ஏதாவது எடுக்கிறீங்களா? தூக்கத்துக்கு, எடை குறைக்க, நாட்டு மருந்து, எதுவானாலும் சொல்லுங்க."

எடை குறைக்க என்று அவர் வாயாலேயே வந்தது, அக்கா. நாம் தொடங்க வேண்டிய வார்த்தையை அவரே எடுத்துக் கொடுத்தார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் அந்தச் செருப்பைப் பார்த்தேன். இடது செருப்பின் வார் கொஞ்சம் பிய்ந்திருந்தது.

"இல்ல டாக்டர்" என்றாய். அவர் எழுதிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து.

நான் நர்ஸிடம் போய்ச் சொன்னது நாலு இருபதுக்கு. இடையில் இருந்த மூன்று மணி பத்து நிமிடத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். மூலிகையால் இப்படி ஆகாது, இது பிரஷர்தான் என்று சொல்லிக்கொண்டேன். நான் இரண்டரை மாதமாகச் சாப்பிடுகிறேனே, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லிக்கொண்டேன். நான் போய்ச் சொன்னால் மாமா எதிரில் நீ பொய் சொன்னவள் ஆகிவிடுவாயே என்று நினைத்தேன். உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் உண்மையிலேயே நினைத்தேன், அதாவது அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. நீயும் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் "இல்ல" என்றிருப்பாய். அல்லது மாமாவுக்காகவா? இத்தனை வருடத்தில் இதை நாம் பேசவே இல்லை. வாயைத் திறந்து இல்லை என்றவள் நீ. வாயைத் திறக்காமல் நின்றவன் நான். பொய் சொன்னவள் என்ற பெயர் மட்டும் உனக்கு வந்தது. நான் "கடைசியில் சொல்லிவிட்ட தம்பி" ஆகிவிட்டேன். அதற்கு நீ என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

விஷயம் தெரிந்ததும் டாக்டர் திட்டவில்லை. பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். இலைகள், வேர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. விரலை ஓட்டிப் படித்துவிட்டுச் சொன்னார்: "இதுல எழுதியிருக்கிறதைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. எழுதாம என்ன போட்டிருக்காங்கன்னுதான்." அப்போதுதான் சிபுட்ராமின் என்ற பெயரை முதல் தடவையாகக் கேட்டேன்.

நம் பாட்டிலில் அது இருந்ததா என்று யாரும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அதனால் இருந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வாய் உலர்ந்தது, தூக்கம் போனது, பசி அடங்கியது, உன் துடிப்பு ஏறியது, எல்லாமே பொருந்துகிறது. முதலில் மனச்சோர்வுக்கு என்று செய்து பார்த்த மருந்து அது. அதற்குச் சரிவரவில்லை, ஆனால் பசியைக் குறைத்தது. 1997இல் அமெரிக்காவில் எடைக்குறைப்புக்கு அனுமதி கிடைத்தது. மூளையில் நோர்அட்ரினலின், செரட்டோனின் என்ற இரண்டு ரசாயனங்களும் கூடுதல் நேரம் நிற்கும்படி செய்யும், அதனால் போதும் என்ற உணர்வு சீக்கிரம் வரும். அதே நோர்அட்ரினலின்தான் ரத்த அழுத்தத்தையும் துடிப்பையும் ஏற்றுகிறது. இதய நோயோ சர்க்கரையோ உள்ள சுமார் 10,000 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் அபாயம் இந்த மருந்தை எடுத்தவர்களுக்கு 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் "இயற்கை", "மூலிகை" என்று விற்கிற கேப்ஸ்யூல்களுக்குள் லேபிளில் சொல்லாமல் இதைக் கலப்பது நின்றபாடில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

இதற்கு முன்னால் வந்ததும் இதே கதைதான். ஃபென்ஃப்ளூரமின் என்று ஒன்று, இதய வால்வுகளைக் கெடுக்கிறது என்று 1997இல் நிறுத்தினார்கள். பசியை அணைக்க ஒரு சுவிட்சைத் தேடிப்போனவர்கள் அதே சுவிட்சில் வேறு எதெல்லாம் இணைந்திருக்கிறது என்று பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். பார், உனக்கு நான் மருந்துக் கடைக்காரன் மாதிரி ஆகிவிட்டேன். இதை எல்லாம் அந்தப் பாட்டிலைத் திறப்பதற்கு முன் படித்திருக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆன காலையில் என் தலையில் கைவைத்து "உன்மேல தப்பில்லடா" என்றாய். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதை நான் மறக்க மாட்டேன்.

ஒரு மாதம் கழித்து வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது நீ சொன்னதையும் மறக்க மாட்டேன். "வாயைக் கட்ட முடியாம மாத்திரை தேடினான், என்னையும் சேர்த்து இழுத்துவிட்டான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டாவது பாதி உண்மை, அதற்கு நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் தலை குனிகிறேன். முதல் பாதியைத்தான் ஆறு வருடமாக விழுங்க முடியவில்லை.

கேப்ஸ்யூலை நிறுத்தினேன், 9 கிலோ போய் 11 கிலோ வந்தது. ஒவ்வொரு தடவையும் என் தட்டை நீ கண்ணாலேயே எடை போட்டாய். அக்கா, இது வாயில் இருக்கிற விஷயம் இல்லை. வயிற்றிலிருந்து கிரெலின் என்று ஒன்று சுரக்கிறது, அது சாப்பிடு என்கிறது. கொழுப்பிலிருந்து லெப்டின் வருகிறது, அது இருப்பு போதும் என்று மூளைக்குச் சொல்கிறது. எடை குறைந்தால் முன்னது ஏறும், பின்னது இறங்கும். 2011இல் வந்த ஓர் ஆய்வில், டயட்டில் இளைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் இந்தக் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசி இன்னும் அதிகமாகவே இருந்தது. உன் உடம்பு ஒரு தடவை "போதும்" என்று சொன்னால் உனக்குக் கேட்கிறது. என் உடம்பு அதை எனக்குக் கேட்காத மாதிரி முணுமுணுக்கிறது. நான் சாப்பிடுவதற்கெல்லாம் இது காரணம் என்று சொல்ல வரவில்லை, சோம்பேறித்தனமும் உண்டு, தனிமையும் உண்டு. ஆனால் உனக்கு மனவுறுதி இருக்கிறது, எனக்கு இல்லை என்ற கணக்கை மட்டும் இனி ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை வந்துவிட்டது, அது உனக்குத் தெரியும். டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பது செமாக்ளூடைடு, மாத்திரையாக. இந்த மாத்திரை வடிவம் 2019இல் அமெரிக்காவில் சர்க்கரைக்கு என்று அனுமதிக்கப்பட்டது. சாப்பிட்டதும் குடலிலிருந்து வருகிற ஒரு ஹார்மோன் போலவே நடிக்கும். வயிறு மெதுவாகக் காலியாகும், பசியும் குறையும். 3 மில்லிகிராமில் தொடங்கி 30 நாள் கழித்து 7. குமட்டல் வரும் என்று சொல்லியிருக்கிறார். நிறுத்தினால் திரும்பிவிடுமா என்று கேட்டேன். இதையே ஊசியாகப் போட்டு நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்று மறைக்காமல் சொன்னார். அதனால் இது நாலு மாத வித்தை இல்லை. வருடக்கணக்கில் போகலாம், ஆயுசுக்கும் போகலாம். இதில் எனக்கும் பயம் இருக்கிறது. இல்லை என்று உன்னிடம் நடிக்க மாட்டேன்.

குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா என்றார். கணையத்தில் தொந்தரவு வந்ததுண்டா என்றார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம் கேட்டார்: "எடை குறைக்கிறதுக்கு இதுக்கு முன்னாடி ஏதாவது எடுத்திருக்கீங்களா?"

ஆமாம் என்றேன். ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. பாட்டில், இரண்டரை மாதம், நீ, பன்னிரண்டாவது நாள், 148, செருப்பு வரைக்கும் சொல்லிவிட்டேன். அவர் மணியைப் பார்த்தார், வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். "சரி, பேர் ஞாபகம் இருக்கா?" என்றார். பேர் ஞாபகம் இல்லை. லேபிளின் பச்சை நிறம்தான் ஞாபகம் இருக்கிறது. "அடையாளம் தெரியாத மூலிகைக் கேப்ஸ்யூல்" என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். நான் ஆறு வருடம் தூக்கிச் சுமந்தது அவர் தாளில் அரை வரிகூட ஆகவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அழித்துவிட்டேன். எழுதினால் பக்கத்திலேயே "ஆனால்" வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் ஒன்றை மட்டும் வைக்கிறேன்: உனக்குப் பிரஷர் இருப்பது தெரிந்தே கொடுத்தேன், தெரிந்தே மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதற்கு "ஆனால்" இல்லை.

இந்த மாத்திரைக்கு ஒரு விதி இருக்கிறது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீருக்கு மேல் போகாமல், 120 மில்லிக்குள் விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் எதையும் வாயில் வைக்கக் கூடாது. அவ்வளவு பார்த்துச் செய்தாலும் விழுங்குவதில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராதாம். நாளை ஆறு மணிக்குப் போடுகிறேன். ஆறரை வரைக்கும் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன், போன் பக்கத்திலேயே இருக்கும். திட்டுவதாக இருந்தாலும் அந்த நேரத்தில் கூப்பிடு.

தம்பி