நீல் சிலையை எதிர்த்த கடலூர்ப் பெண்ணை மறந்தது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிலைகள் அகற்றப்படுவது பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை வந்த கட்டுரையைப் படித்தேன். இதெல்லாம் வெறும் ஆத்திரம், சிலையை எடுத்தால் வரலாறு அழிந்துபோகும், நம் ஊரில் யாரும் இந்த வேலையில் இறங்கவில்லை என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். கடலூர்க்காரனான எனக்கு அந்த வரி தாங்கவில்லை.

1927-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற ஆங்கிலேயப் படைத் தளபதி நீலின் சிலையை உடைக்கத் தொண்டர்கள் அணி அணியாகப் போனது உங்களுக்குத் தெரியாததல்ல. 1857 கிளர்ச்சியை அடக்கும்போது அலகாபாத் பக்கத்துக் கிராமங்களை எரித்து, கண்ணில் பட்டவர்களைத் தூக்கில் போட்டவர் நீல். கான்பூரில் கைதிகளைத் தரையிலிருந்த ரத்தத்தை நக்க வைத்துவிட்டுத் தூக்கிலிட்டார். அவருக்குத்தான் சிலை. எங்கள் முதுநகர் அஞ்சலையம்மாள், சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு அந்தப் போராட்டத்துக்குப் போய்ச் சிறை சென்றார். 1937-இல் ராஜாஜி அரசு சிலையை அகற்றியது. இன்று அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதில் எந்த வரலாறு அழிந்தது? நான் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய், அந்தச் சிலைக்கு முன்னால் நிற்க வைத்துத்தான் 1857-ஐயும் 1927-ஐயும் சொல்லிக்கொடுத்தேன். மவுண்ட் ரோட்டிலேயே நின்றிருந்தால் ஒரு பிள்ளையும் ஏன் என்று கேட்டிருக்காது.

அமெரிக்காவின் ரிச்மண்டில், உள்நாட்டுப் போரில் அடிமை முறையை விடாத தென் மாநிலங்களின் தளபதியாக இருந்த ராபர்ட் லீயின் சிலை எழுந்தது 1890-இல், அந்தப் போர் முடிந்து 25 ஆண்டுகள் கழித்து. கறுப்பின மக்களின் வாக்குரிமையைத் தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. போரின் புண்களைக் கிளறும் நினைவுச்சின்னங்கள் வேண்டாம் என்று லீயே 1869-இல் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நின்ற கோல்ஸ்டன் சிலையில் அவருடைய அடிமை வணிகத்தைச் சொல்லும் ஒரு பலகையாவது வையுங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அதன் வாசகத்துக்கே சண்டை நடந்து, பலகை வரவே இல்லை. அப்புறம்தான் 2020 ஜூனில் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத்தில் தள்ளினார்கள். இதையெல்லாம் சொல்லாமல் வெறும் ஆத்திரம் என்று எழுதுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

இது முதல் தடவையும் இல்லை, ஐயா. பழைய சென்னையைப் பற்றிய உங்கள் தொடரில் மவுண்ட் ரோட்டுக் கடைகளுக்கும் கட்டடங்களுக்கும் வாரக்கணக்கில் இடம் கிடைத்தது. அதே சாலையில் அடிபட்டுச் சிறைக்குப் போனவர்களைப் பற்றி ஒரு பத்திகூட வரவில்லை. அதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதினேன், வெளியாகவில்லை. சுதந்திர தினச் சிறப்பிதழ்களிலும் வருஷா வருஷம் அதே தலைவர்களின் படங்கள்தான். தெற்கே நடந்ததையும் பெண்கள் செய்ததையும் தேடிப் பார்க்க உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் நேரம் இல்லையா? சின்ன வயதிலிருந்து உங்கள் பத்திரிகையைப் படித்து வளர்ந்தவன் என்ற உரிமையில்தான் கேட்கிறேன்.

நீல் சிலைப் போராட்டம் நடந்தது என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால் அஞ்சலையம்மாளின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கடலூர் முதுநகர்