கஷாயமும் காயமும்

கொடைக்கானல்,
மார்கழி 20.

அன்புள்ள சிதம்பரம்,

நலம், நலமறிய ஆவல். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்ததற்கு வெட்கமே காரணம். நீ காதில் கேட்புக் கருவி மாட்டிக்கொண்டு வந்த அன்று உன்னை 'வானொலி நிலையம்' என்று அழைத்தவன் நான். இப்போது என் முறை.

வட்டக்கானல் சோலையில் சில்வண்டுகளின் இரைச்சல் அடங்கிவிட்டது என்றும், தோட்டங்களில் அடிக்கும் மருந்துதான் காரணம் என்றும் ஐப்பசியிலிருந்து எல்லோரிடமும் வாதாடிக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்த பேத்தி, "காதைத் துளைக்கிறதே தாத்தா" என்றாள். விடியலில் சீழ்க்கையடிக்கும் பூங்குருவி எனக்கு முன்போலவே கேட்டதால், நான் அவளை நம்பவில்லை. மறுநாள் மரகதம் அடுக்களையிலிருந்து "கஷாயம் ஆறிவிட்டது" என்றது என் காதில் "காயம் ஆறிவிட்டது" என்று விழ, "யாருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன். அந்த வாரமே என்னை மலையிறக்கிக் காது மருத்துவரிடம் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

அவர் இழுப்பறையிலிருந்து எடுத்தது இசைக்கவை, தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் அந்த உலோகக் கவை. அதுவும் 512 ஹெர்ட்ஸ், நொடிக்கு 512 அதிர்வு! ஆய்வகத்தில் ரப்பர் கட்டையை விட்டுவிட்டு மேசை விளிம்பில் தட்டி நாம் திட்டு வாங்கினோமே, அதே எண். அதை அவர் என் காதின் பின்னெலும்பில் ஊன்றியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

செவித்திறன் வரைபடத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அடங்கியது. 500 ஹெர்ட்சில் 20 டெசிபல் ஒலி இருந்தாலே எனக்குக் கேட்கிறது. 4000 ஹெர்ட்சில் 60 வேண்டியிருக்கிறது. சுருதி அதிர்வெண்ணைப் பொறுத்தது, உரப்பு வீச்சைப் பொறுத்தது, இரண்டையும் குழப்பாதீர்கள் என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவனுக்கு அந்த வேறுபாடு தன் செவியிலேயே வந்து நின்றது. டெசிபல் பத்து ஏறினால் ஒலிச்செறிவு பத்து மடங்காகும் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கணக்குப்படி, இளஞ்செவிக்குப் போதுமான செறிவைப்போலப் பத்து லட்சம் மடங்கு இருந்தால்தான் அந்த உயர்ந்த சுருதி எனக்கு எட்டும். உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் வாயிலருகே இருக்கும் மயிர்ச்செல்கள்தாம் உயர்சுருதியை ஏற்பவை. முதுமையில் முதலில் அழிபவையும் அவையே, மீண்டும் முளைப்பதுமில்லை.

உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் எனக்குத் தப்பாமல் வந்துவிடுகிறது. ச, ஷ, ஸ போன்றவற்றின் உரசலொலி மேலே இருப்பதால் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. கஷாயத்தில் 'ஷா'வின் உரசல் போய் 'ஆ' மட்டும் மிஞ்சினால் காயம்தானே? இதை மரகதத்திடம் எப்படி விளக்குவதென்றே தெரியவில்லை. அவள் குரலை உயர்த்த உயர்த்த, ஏற்கெனவே கேட்கும் 'ஆ'தான் இன்னும் பெரிதாகிறது. கேட்காதவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு கத்தலையும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

கருவி வாங்கச் சொல்கிறார்கள். உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கேட்கிறேன்: அது மேல்சுருதியை மட்டும் உயர்த்துகிறதா, மலைப்பாதைப் பேருந்தின் ஹாரனையும் சேர்த்தா? சந்தைக் கூட்டத்தில் உனக்குச் சொற்கள் பிரிந்து கேட்கின்றனவா? ஒளிக்காமல் சொல்.

தொலைபேசியில் மட்டும் கூப்பிடாதே. சாதாரணத் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். மிச்சத்தை ஊகிக்க உன் உதடும் தெரியாது. எழுது.

உன்,
நாகராஜன்