ஞாயிறு காலை ஆட்டத்துக்காரர்களுக்கு

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் பாதிப் பேர் மீதியைப் படிக்க மாட்டீர்கள்.

வந்து பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ரத்தத்தைப் புதிதாக உண்டாக்கும் ஸ்டெம் செல்லை ஏற்றி நூறு நாளாவது ஆகும்வரை வீட்டில் கூட்டம் கூடாது, சளி இருமல் உள்ளவர்கள் கிட்டேயே வரக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். டீக்கடையில் நின்று நேரில் சொல்ல வேண்டியதை அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த வாரமே நான் மைதானத்துக்கு வந்தேன். 'அக்கா அங்கே அப்படிக் கிடக்கிறா, இவனுக்குப் பந்து கேட்குது' என்று சொந்தக்காரர் ஒருவர் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அவர் சொல்வது சரிதானோ என்று பட்டது. அடுத்த இரண்டு ஞாயிறும் வார்டிலேயே உட்கார்ந்திருந்தேன். துரத்திவிட்டது அக்காதான். 'என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உட்காராதே, எரிச்சலா வருது, போய் ஓடிட்டு வா.' திரும்பி வந்த அன்று நீங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, 'லெஃப்ட்ல ஆள் இல்ல, நில்லுடா' என்றதோடு சரி. அந்த ஒன்றரை மணி நேரம் எந்த ரிப்போர்ட்டும் ஞாபகத்தில் இல்லை. அப்புறம் பைக்கை ஸ்டார்ட் பண்ணும்போது எல்லாம் மொத்தமாக வந்து ஏறிக்கொள்ளும், அது வேறு.

வியாசர்பாடிப் பக்கம் பந்தாட ஆளுக்குப் பஞ்சமில்லை என்பது ஊருக்கே தெரியும். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்களைக் கொடுக்கவும் ஆளுக்குப் பஞ்சமில்லை என்பது எனக்குத்தான் தெரியும். அதை வாங்கி அடுக்கி வைக்க முடியாது, ஐந்து நாள்தான் தாங்கும், அதுவும் ஃப்ரிட்ஜில் இல்லை, மெஷினில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அக்காவுக்கு எண்ணிக்கை பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ஆள் போய்ப் படுக்க வேண்டும். நம் கோல்கீப்பர் யாருக்கு எந்த குரூப், யாருக்கு எந்த நாள் லீவு என்று ஒரு நோட்டில் எழுதி முறை போட்டு அனுப்பினார். நான் கேட்கவே இல்லை. லெஃப்ட் பேக் கணுக்கால் வலிக்கு மாத்திரை போட்டிருந்ததால் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஏதோ ரெட் கார்டு வாங்கியவர் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மாத்திரையை நிறுத்திவிட்டு வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்து அடுத்த வாரம் வந்து கொடுத்தாரே, அதற்கு என்ன சொல்வது. பாதியில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று இன்னொருத்தர் பயந்துபோக, நர்ஸம்மா சிரித்துக்கொண்டே கால்சியம் மாத்திரையை நீட்டினார். அந்த அம்மாவுக்கும் நன்றி. பேர் கேட்காமல் விட்டது என் தப்பு.

அப்புறம் என் கதை. அக்காவுக்கு ஏற்றிய ஸ்டெம் செல் என்னிடமிருந்து எடுத்ததுதான். கூடப்பிறந்தவர்கள் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான், எனக்குப் பொருந்திவிட்டது. எடுப்பதற்கு முன்னால் ஐந்து நாள் ஊசி. இடுப்பு எலும்புக்குள்ளே யாரோ உலக்கை போடுகிற மாதிரி வலிக்கும். அந்த நாட்களில் மண்ணீரல் வீங்கலாம், வயிற்றில் அடிபடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் உங்களிடம் சொல்லியே இருக்கக் கூடாது. பந்து கிட்டே போனாலே கத்தினீர்கள். கடைசியில் கையில் விசிலைக் கொடுத்து ரெஃப்ரியாக நிறுத்திவிட்டு, நான் ஊதிய எதையும் ஒருத்தரும் மதிக்கவில்லை. அந்த பெனால்டி பெனால்டிதான், இப்போதும் சொல்கிறேன்.

விடிகாலையில் என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு மீட்டரை மூடிக்கொண்டு காசு வாங்காமல் போன ஆட்டோ அண்ணனுக்கும், அம்மாவுக்கு இரண்டு மாதம் கடனில் டிபன் கொடுத்த கடைக்கார அக்காவுக்கும் நன்றி. அந்தக் கணக்கை மட்டும் தீர்த்துவிட்டேன்.

அக்காவுக்குப் பந்தாட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் எத்தனைக்கு எத்தனை, யார் போட்டது, ஆஃப்சைடா இல்லையா என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்பாள். ஏழு பேர் ஆட்டத்தில் நாம் ஆஃப்சைடே பார்ப்பதில்லை என்று எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லை. லெஃப்ட் பேக்குக்குக் கால் சரியாகிவிட்டதா என்று நேற்றுகூடக் கேட்டாள்.

மூன்று மாதச் சந்தா பாக்கி இருக்கிறது, நீங்கள் யாரும் வாய் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த ஞாயிறு கொண்டு வருகிறேன். பம்ப்பும் என் பையில்தான் கிடக்கிறது, புதிதாக வாங்கிவிடாதீர்கள்.