‘ஸ்டெடியாத்தான் இருக்கேன்’ என்று சொல்லும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

குடிப்பதா வேண்டாமா என்பது உன் முடிவு. வேண்டாம் என்றால் சோடாவோடு உட்கார்ந்திரு, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. குடிப்பதாக இருந்தால், வீடு திரும்புவது எப்படி என்பதை முதல் கிளாஸுக்கு முன்பே முடிவு செய்துவிடு. இதை உன்னிடம் கெஞ்சியே கேட்கிறோம்.

மது முதலில் தொடுவது கால்களை அல்ல, கணிக்கும் புத்தியை. நேராக நடப்பாய், பேச்சும் குளறாது. ஆனால் எதிரே வரும் வண்டியின் வேகத்தை மதிப்பிடுவதும், கண்ணாடியையும் சாலையையும் சேர்த்துக் கவனிப்பதும் அதற்குள் மந்தமாகியிருக்கும். கடைசி மடக்குக்குப் பிறகும் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ரத்தத்தில் அளவு ஏறலாம். கிளம்பும்போது இருந்த நிதானம் பாதி வழியில் இருக்காது.

‘வெறும் பீர்தானே’ என்பாய். குடிக்கும் மில்லியை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.8-ஆல் பெருக்கிப் பார், எத்தனை கிராம் ஆல்கஹால் என்று தெரியும். 8 சதவீத பீர் 500 மில்லியில் 32 கிராம் ஆல்கஹால். 40 சதவீத விஸ்கி ஒரு சின்ன பெக்கில், அதாவது 30 மில்லியில், 10 கிராம்கூட இல்லை. ஒரு டின் பீர் மூன்று பெக்குக்கு மேல்! உடம்பு கரைப்பதோ மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம். இரவு பத்து மணிக்குத் தொடங்கி மூன்று டின் குடித்தால் 96 கிராம்; மணிக்கு 8 கிராம் என்று வைத்தாலும் அது கரைய 12 மணி நேரம். காலை ஒன்பது மணி வகுப்புக்கு பைக் எடுக்கும்போதும் இறங்கியிருக்காது. காபி தூக்கத்தைத்தான் விரட்டும். குளியலும் எலுமிச்சைச் சாறும் ஒரு கிராமைக்கூடக் கரைக்காது. முன்பே வயிறாரச் சாப்பிட்டால் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

ஆகவே பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ. ஓட்டுபவன் யார் என்று முன்னமே பேசிவையுங்கள். அவன் ஒரு சொட்டும் தொடக்கூடாது. கூட்டம் கலையும்போது ‘குறைவாகக் குடித்தவன் ஓட்டட்டும்’ என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். போதையில் இருப்பவனை பைக்கின் பின்னாலும் ஏற்றாதே: வளைவில் எதிர்ப்பக்கம் சாய்வான், தூங்கி விழுவான். அவனைக் காரில் உட்காரவைத்துக் கூட்டிப் போவதுதான் சரி.

நண்பன் சாவியோடு எழுந்தால், ‘நீ போதையில இருக்கே’ என்று எல்லோர் முன்னும் வாதாடாதே, வீம்பு கூடும். அவன் மதிக்கும் ஒருவர் தனியே கூப்பிட்டு, ‘இங்கேயே படு, பாய் போட்டாச்சு’ என்று சொல்லி சாவியை வாங்கட்டும். படுத்தவனை ஒருக்களித்துப் படுக்க வை, பக்கத்திலேயே ஒருவர் இருங்கள். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே, உதடு நீலம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்கள், அக்காக்கள்