எங்க அபார்ட்மென்ட் கைவேலைக் குழு: 2024-25 ஆண்டறிக்கை

மெம்பர்ஸ் எல்லாருக்கும் வணக்கம். மீட்டிங்ல ரிப்போர்ட் வாசிக்க ஆரம்பிச்சா பாதிப் பேரு காபிக்கு எந்திரிச்சுப் போயிடறீங்க, அதனால இந்த தடவை எழுதியே கையில குடுத்துடறேன், வீட்டுல உக்காந்து நிதானமா படிச்சுக்கோங்க. குழு ஆரம்பிச்சப்புறம் முழுசா ஒரு வருஷம் ஓடினது இதுதான்.

புதுசா சேர்ந்தவங்களுக்காக ஆரம்பக் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப மடிப்பாக்கத்துல நம்ம தெருவுல கிரவுண்ட் ஃப்ளோர் வீடு எல்லாத்துலயும் தண்ணி பூந்துச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் தெரு முழுக்க கட்டில், டேபிள், ஷூ ரேக், டிவி ஸ்டாண்டுன்னு மலை மாதிரி குவிச்சு வெச்சிருந்தாங்க, கார்ப்பரேஷன் லாரி வந்து அள்ளிட்டுப் போச்சு. அதுல நல்ல தேக்கு நாற்காலியும் போச்சுங்கறதுதான் ஏ பிளாக் மாமிக்குத் தாங்கல. அவங்கதான் லாரியை நிறுத்தி ரெண்டு நாற்காலியை இறக்கினாங்க. குழு ஆரம்பிச்சது அந்த ரெண்டு நாற்காலியில இருந்துதான்.

இந்த வருஷம் பெரும்பாலான நேரம் நாங்க பண்ணினது ரிப்பேர்னு சொல்றதை விட, எதைக் காப்பாத்தலாம் எதைக் கைகழுவணும்னு பஞ்சாயத்து பண்ணினதுன்னுதான் சொல்லணும். வெள்ளத்துல நனைஞ்ச சாமானை எடுத்துட்டு வந்தவங்க கிட்ட முதல்ல கேட்ட கேள்வி, இது மரமா, பார்ட்டிகிள் போர்டா? பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கும், ஏன்னா மேல மைக்கா ஒட்டிடறாங்க. திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பாருங்க, ஓரத்துல தூள் தூளா தெரிஞ்சா அது மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை, தண்ணி பட்டா டீயில முக்கின ரஸ்க் மாதிரி உப்பிடும், காஞ்சாலும் பழைய அளவுக்கு வராது, அதுல அடிச்ச ஸ்க்ரூவும் நிக்காது. அதைப் புதுசாக்கறேன்னு பெயிண்ட் வாங்கறது வேஸ்ட். சி பிளாக் சார் ஆன்லைன்ல நல்ல விலை குடுத்து வாங்கின ஸ்டடி டேபிளை நாங்க வேணாம்னு சொன்னதுல அவருக்கு இன்னும் கோவம் இருக்கு, தெரியும், ஆனா அதுல இருந்து நல்ல நிலைமைல இருந்த டிராயர் சேனல், கைப்பிடி, கீல் எல்லாத்தையும் கழட்டி அவருக்கே குடுத்துட்டோம், அதையும் ரிப்போர்ட்ல பதிவு பண்ணிடறேன்.

மரம்னா கதை வேற. தேக்கு, பலா, வேம்பு எதுவா இருந்தாலும் பெரும்பாலும் காப்பாத்திடலாம், அவசரப்பட்டு வெயில்ல மட்டும் போடாதீங்க. வெயில்ல வெச்சா வெளிப்பக்கம் சட்டுனு காஞ்சு சுருங்கும், உள்ள ஈரம் அப்படியே இருக்கும், அதுல விரிசல் விட்டுடும். நிழல்ல, காத்தோட்டமா, கீழ செங்கல் குடுத்து வெச்சு பொறுமையா காய விடணும். பழைய நாற்காலில மூட்டு ஆடுதுன்னா சந்தோஷப்படுங்க, ஏன்னா அந்தக் காலத்துல வச்சிரம்ங்கற தோல், எலும்புப் பசை போட்டு ஒட்டியிருப்பாங்க, வெந்நி பட்டா அது இளகிடும், மூட்டை மெதுவாக் கழட்டி பழைய பசையைச் சுரண்டிட்டு ஃபெவிகால் போட்டு திரும்ப மாட்டலாம். கிளாம்ப் இல்லையேன்னு யாரும் கவலைப்படாதீங்க. நம்ம கார்பெண்டர் அண்ணன் காட்டின வழி, நாற்காலி காலைச் சுத்திக் கயிறு கட்டி நடுவுல ஒரு குச்சியைச் சொருகி முறுக்கு முறுக்குன்னு முறுக்கி அப்படியே ஒரு ராத்திரி விட்டுடணும், காலைல கல்லு மாதிரி நிக்குது.

பாலீஷ் விஷயத்துல எல்லாரும் கேக்கற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிடறேன். பழைய சாமான்ல இருக்கறது அரக்கு பாலீஷா இல்ல புது டைப்பான்னு தெரியணும்னா, பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு யாரும் பாக்காத மூலைல ஒரு தேய் தேயுங்க, பிசுபிசுன்னு ஒட்டினா அரக்கு. அரக்குப் பாலீஷ்ல சூடான டம்ளர் வெச்சா வெள்ளை வட்டம் விழும்னு எல்லா வீட்டுலயும் தெரியும், ஆனா மேல மேல ஏத்தி சரி பண்ணிக்கற வசதியும் அதுலதான் இருக்கு. உப்புத்தாள் போடறப்ப கரகரப்பான 80 நம்பர்ல ஆரம்பிச்சு 120, அப்புறம் 220, எப்பவும் மரத்தோட இழை ஓடற திக்குலயே. குறுக்க தேச்சா பாலீஷ் போட்டப்புறம்தான் கோடு கோடா காட்டிக் குடுக்கும். நவம்பர் கடைசில ஃபெஞ்சல் மழை வந்தப்ப மாடில வேலையை மொத்தமா நிறுத்தினது சோம்பேறித்தனம் இல்லை, ஈரக்காத்துல போட்டா பாலீஷ் வெள்ளையாப் பூத்துடும், அதான்.

வருஷத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச வகுப்பு பிரம்பு பின்னறதுதான். சொல்லிக் குடுத்தவரு பக்கத்துத் தெரு பெரியவர், பார்வை கிடையாது, கவர்மெண்ட் ஆபீஸ் நாற்காலிங்களுக்குப் பிரம்பு பின்னி ரிடையர் ஆனவர். இந்த வேலையைப் பார்வை இல்லாதவங்களுக்குப் பள்ளிக்கூடத்துலயே தொழிலா சொல்லிக் குடுத்த காலம் அது. பிரம்புத் தோலை முதல்ல தண்ணில ஊறப் போடணும், ஈரமா இருக்கறப்ப பின்னி விட்டா காயறப்ப தானே இறுகிடும், அதனால பின்னும்போதே விறைப்பா இழுக்கக் கூடாது. முதல் வரிசை மேலிருந்து கீழ, அடுத்து குறுக்க, மறுபடி மேலிருந்து கீழ, மறுபடி குறுக்க இந்த தடவை மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு கோத்து, கடைசியா ரெண்டு பக்கமும் கோணலா. அதுக்கப்புறம்தான் அந்த எட்டு மூலை ஓட்டை தெரியும். எங்கள்ல ஒருத்தங்க கோணல் வரிசைல ஒரு இடத்துல மேல போக வேண்டியதைக் கீழ விட்டுட்டாங்க, கண்ணு இருக்கற நாங்க யாருமே பாக்கல, அவர் உள்ளங்கையால ஒரு தடவு தடவி "இங்க பிரிம்மா"ன்னாரு. சேர்ந்த பாதிப் பேரு ரெண்டாவது வகுப்புக்கு வரலை, விரல் எரிஞ்சிருக்கும். வந்தவங்க நாற்காலி எல்லாம் இப்ப லாபில இருக்கு, உக்காந்து பாருங்க. பிரம்பு விலைக்குக் கட்டுப்படியாகாதவங்க பிளாஸ்டிக் வயர்ல பின்னிக்கிட்டாங்க, அதுவும் தப்பில்ல, வெராண்டாவுக்கு அதுதான் தாங்கும்.

தொட்டில் விவகாரம். நெறைய பேரு என்கிட்ட தனித்தனியா கேட்டதால இங்க முழுசா எழுதிடறேன். டி பிளாக் அக்கா அவங்க மாமியார் காலத்து மரத்தொட்டிலை எடுத்துட்டு வந்து, பேரக்குழந்தைக்காக உப்புத்தாள் போட்டு புதுசா பெயிண்ட் அடிச்சுத் தரச் சொன்னாங்க. பச்சை பெயிண்ட், மேல மேல பல கோட்டிங், உரிஞ்சு செதில் செதிலா நிக்குது. நாங்க மாட்டேன்னு சொன்னோம். நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுன்னு ரூல் போட்டதே 2016-ல, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி அடிச்ச பெயிண்ட்ல எவ்வளவு இருக்கும்னு யாரு கண்டா? அதைக் காஞ்ச உப்புத்தாள் போட்டுத் தேச்சா தூள் பறக்கும், நாம சுவாசிப்போம், மாடில விளையாடற பசங்க கையில ஒட்டும், வாய்க்குள்ள போகும். குழந்தைங்க மூளை வளர்ச்சிக்கு ஈயம் கெடுதின்னு டாக்டர்களே சொல்றாங்க. அக்கா ரொம்ப வருத்தப்பட்டாங்க, "அந்தக் காலத்துல நாங்கல்லாம் இதுலதான படுத்தோம், என்ன ஆயிடுச்சு"ன்னு கேட்டாங்க, வயசுல பெரியவங்க, பதில் சொல்லலை. ஆனா முடிவை மாத்தலை. கடைசில உரிஞ்சதை மட்டும் ஈரத்துணி வெச்சு மெதுவா எடுத்து, பேப்பர்ல சுருட்டிட்டு, தொட்டில் மேல பழைய பெயிண்டை மூடற சீலர் அடிச்சு, குழந்தை படுக்க இல்ல, கொலுவுல கிருஷ்ணரை வெக்கன்னு குடுத்தோம். நவராத்திரிக்கு அவங்க வீட்டு கொலுவுல அதுதான் ஹைலைட், அக்காவே சுண்டல் குடுத்து அனுப்பினாங்க, சமாதானம் ஆயிட்டாங்கன்னு எடுத்துக்கறேன்.

மே மாசம் பசங்களுக்கு கேக் அலங்காரம் வகுப்பு வெச்சோம். மே மாசம் சென்னைல கிரீமை நம்பி வகுப்பு வெக்கறது எவ்வளவு தைரியம்னு பாருங்க. கடைல பாக்கெட்ல வர்ற ஃப்ரெஷ் கிரீம்ல கொழுப்பு 25 சதவீதம்தான், அதை எவ்வளவு அடிச்சாலும் நிக்காது, விப்பிங் கிரீமுக்கு 30-க்கு மேல வேணும். வெண்ணெய்ல பண்ற கிரீம் நம்ம ஃபேன் காத்துக்கே சொட்ட ஆரம்பிச்சிடும். பேக்கரிக்காரங்க போடற நான்-டெய்ரி கிரீம் நிக்கும், ஆனா அது பாம் கர்னல் எண்ணெய் சமாச்சாரம், வருஷத்துக்கு ஒரு பர்த்டேக்குன்னா சரி. அதனால அடுத்த நாளே பிளானை மாத்தி கேக்கை விட்டுட்டு மேரி பிஸ்கட்டை சாக்லேட்ல முக்கற வேலைக்கு வந்துட்டோம். காம்பவுண்டு சாக்லேட், டபுள் பாய்லிங்ல, அதாவது கொதிக்கற தண்ணி மேல இன்னொரு பாத்திரம் வெச்சு உருக்கணும், உள்ள ஒரு சொட்டு தண்ணி விழுந்தா மொத்தமும் கட்டி தட்டிடும். இதைச் சொன்ன உடனே ஒரு பையன் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டான், நிஜமாவே கட்டி தட்டிடுச்சு. பக்கத்துல ரவா லட்டுக்கு கிராம்புக் கண்ணு, குங்குமப்பூ மீசைன்னு ஒரு குரூப் உக்காந்து பண்ணிட்டிருந்துச்சு, என்னைக் கேட்டா பார்ட்டி பிளேட்ல அதுதான் முதல்ல காலியாகும்.

கலருக்கு ஒரு கண்டிஷன் போட்டோம், பாட்டில்ல ஃபுட் கலர்னு எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரோட இருக்கறது மட்டும்தான், இல்லேன்னா பீட்ரூட், மஞ்சள், கீரைச் சாறு. 2024 பிப்ரவரில பஞ்சு மிட்டாய்ல ரோடமின்-பி கண்டுபிடிச்சு தமிழ்நாட்டுல தடையே போட்டாங்களே, அது துணிக்குப் போடற சாயம். ரோஸ் கலர் சும்மா வந்துடாது. கிளிட்டர்னு கிராஃப்ட் கடைல விக்கற மினுமினுப்பையும் கேக் மேல தூவாதீங்க, அது பிளாஸ்டிக்.

நவராத்திரிக்கு முன்னாடி பொம்மை ரிப்பேர் முகாம். இங்கயும் அதே பஞ்சாயத்துதான். களிமண் பொம்மையை அழுக்கா இருக்குன்னு குழாய்ல காட்டாதீங்க, கலர் கரைஞ்சு ஓடிடும், காஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷால தூசியைத் தட்டினாப் போதும். விரல் உடைஞ்சது, காது போனதுக்கெல்லாம் எம்-சீல் உருட்டி ஒட்டி, காஞ்சப்புறம் அக்ரிலிக். கண்ணு எப்பவும் கடைசில வரையணும்னு மாமி சொல்லி அவங்களே எல்லாத்துக்கும் வரைஞ்சாங்க, அவங்க கைல தசரத மகாராஜாவுக்கே கொஞ்சம் மாமி முழி வந்திருக்கு. மரப்பாச்சிக்கு எனாமல் அடிச்சு ஷைனிங் பண்ணித் தரச் சொன்னவங்களுக்கு ஒரே பதில், வேணாம். செம்மரத்துக்கு மேல பெயிண்டா? தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைங்க, அதுவே தகதகன்னு வரும்.

ரெண்டாவது மாடில ஒரு சீமந்தம். பருப்புத் தேங்காயை (கூடுங்கற கூம்பு அச்சுல அடைச்சுப் பண்ற சீர் இனிப்பு) கான்ட்ராக்டர் கிட்ட குடுக்காம நாங்களே பண்றோம்னு வாங்கிக்கிட்டோம். ஒரு ஜோடி மனோகரம் (வெல்லப் பாகுல போட்ட தேன்குழல்), ஒரு ஜோடி கடலை. வெல்லப் பாகு தண்ணில விட்டு உருட்டி தட்டுல போட்டா டங்குனு சத்தம் வரணும், அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி இறக்கினா கூட்டை எடுத்த உடனே சரிஞ்சிடும், ஒரு நிமிஷம் தாண்டினா கூட்டுக்குள்ள அடைக்கறதுக்குள்ள கல்லாயிடும், அதனால கூட்டுக்குள்ள நெய் தடவறது ஒருத்தர், அடைக்கறது ஒருத்தர், பாகு பாக்கறது மாமி மட்டும். ஆண்டர்சன் ஸ்ட்ரீட்ல இருந்து வாங்கிட்டு வந்த ஜிகினாப் பேப்பரைச் சுத்தி, உச்சில பூ வெச்சு, சீர்த்தட்டுல லட்டுவை அடுக்கி மாப்பிள்ளை பொண்ணு முகம் பண்ணி வெச்சோம். ஈரக்காத்துக்கு வெல்லம் கசியும், அதனால பேப்பரை மண்டபத்துல போய்தான் சுத்தணும், இது அடுத்து பண்றவங்களுக்கான குறிப்பு.

போகிக்கு ஒரு வாரம் முன்னாடியே லிஃப்ட்ல நோட்டீஸ் ஒட்டினோம், எரிக்கறதுக்கு முன்னாடி எங்ககிட்ட காட்டுங்கன்னு. 2018 போகி அன்னைக்கு புகைல மீனம்பாக்கத்துல ஃப்ளைட் இறங்க முடியாம வேற ஊருக்குத் திருப்பி விட்டது ஞாபகம் இருக்கும், நமக்கு ஏர்போர்ட் பக்கம்தான். பழையன கழிதல்னு நன்னூல்காரர் இலக்கணத்துக்குத்தான் சொன்னாரு, மைக்கா ஒட்டின பலகையைக் கொளுத்தச் சொல்லலை. வந்த சாமான்ல பாதி எங்க லிஸ்ட்ல தேறலை, அது பழைய இரும்புக் கடைக்கும் கார்ப்பரேஷனுக்கும் போச்சு. தேறினதுல ஒரு தையல் மெஷின் ஸ்டாண்டு இப்ப செக்யூரிட்டி அண்ணனுக்கு ரிஜிஸ்டர் எழுதற டேபிள். ஒரு துருப்பிடிச்ச பீரோ, சுரண்டி, துரு வராம இருக்க ரெட் ஆக்சைடு அடிச்சு நிக்குது, மேல என்ன கலர்ங்கறதுல கமிட்டில இன்னும் ஒத்துமை வரலை.

புகார்களும் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை மதியம் தூங்க விடாம தட்டறீங்கன்னு சொன்னது நியாயம், இனி மதியம் 1-ல இருந்து 4 வரைக்கும் சுத்தியல் கிடையாது. ஸ்பிரிட், தின்னர் வாடைக்கும் அதேதான், மாடில மட்டும், பக்கத்துல தண்ணி டேங்க் மூடி இருக்கான்னு பாத்துட்டு. தின்னர் தொட்ட துணியைக் குப்பைத் தொட்டில சுருட்டிப் போடறதை நிறுத்துங்க, விரிச்சுக் காய விட்டு அப்புறம் போடுங்க, தீப்பிடிக்கும், விளையாட்டு இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியா வாசிப்பாங்க. சந்தாவை ஏத்தலாமான்னு ஒரு பேச்சு வந்தது, என் அபிப்பிராயம் வேணாம், அதுக்குப் பதிலா பெயிண்ட் வாங்கறவங்க மீதி டப்பாவை ஸ்டோர்ல வெச்சாலே போதும். அடுத்த வருஷத்துக்கு சோபா குஷன் தைக்கற வகுப்பு, ஊஞ்சல் பலகை பாலீஷ், கிறிஸ்துமஸுக்கு ஈ பிளாக் அம்மா சொல்லித் தர்றதா சொன்ன ரோஸ் குக்கி, கல்கல் இதெல்லாம் பிளான்ல இருக்கு. செயலாளர் பதவிக்கு வேற யாராவது நின்னா நான் சந்தோஷமா விலகிக்கறேன், போன தடவையும் இதையேதான் சொன்னேன், யாரும் நிக்கலை.

கடைசியா ஸ்டோர் ரூம் கணக்கு. ஹீட் கன் ஒண்ணு, பெரிய சைஸ் பருப்புத் தேங்காய் கூடு ஒரு ஜோடி, பைப்பிங் நாசில் டப்பா, இதெல்லாம் ரிஜிஸ்டர்ல எழுதாம போயிருக்கு. சித்திரை கடைசில ரெண்டு வளைகாப்பு இருக்கு, கூடு கண்டிப்பா வேணும். எடுத்தவங்க செக்யூரிட்டி ரூம்ல வெச்சுட்டுப் போனாப் போதும், யாருன்னு கேக்க மாட்டோம், நெய் தடவினதை மட்டும் கழுவி வைங்க.