கூத்துமாடத்துக்கு ராத்திரியை விட்டுக்கொடுங்கள்

பாலக்காட்டு பகவதி கோயில்களின் உற்சவக் கமிட்டியாருக்கு,

வணக்கம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழில் நாடகம் போட்டுவருகிறவன் நான். எழுதுகிற, வரைகிற நண்பர்கள் சிலருக்காகவும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

உங்கள் கோயில்களில் விடிய விடிய நடக்கும் தோல்பாவைக்கூத்தில்தான் எங்களில் பலர் கம்பனைக் காதால் கேட்டோம். மலையாள மண்ணில், பகவதி முன்னால், தமிழ்ப்பாட்டு! தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்த பத்ரகாளி ராவண வதத்தைப் பார்க்க முடியவில்லை, அவளுக்காகவே இந்தக் கூத்து என்பது ஐதீகம். அதனால் எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நிற்பதில்லை. கலைஞனுக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் எனக்குத் தெரியவில்லை.

கூத்துக்கென்றே கோயிலில் கட்டிய மேடையான கூத்துமாடத்துக்குள் ஒருமுறையாவது உட்கார்ந்து பாருங்கள். திரைக்குப் பின்னால் வரிசையாக 21 தேங்காய் மூடிகளில் விளக்கு எரிகிறது. எண்ணெய்ப் புகையில் கண் கரிக்கும். ஒரு பாட்டைச் சொல்லி முடித்ததும் புலவர், அதாவது பாவையை ஆட்டிப் பாடுகிற கலைஞர், அவசரப்படுவதில்லை. பொருள் சொல்வார், கிளைக்கதைக்குப் போவார், பாத்திரமாக நின்று ஒரு கேள்வி போடுவார். பக்கத்திலிருக்கும் புலவர் யோசித்துப் பதில் சொல்வார். பாவை அசையாமல் நிற்கும், யோசனை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எழுபறை என்கிற தோல்வாத்தியம் ஒலிக்கும்போதுதான் நாம் எங்கே இருக்கிறோம் என்பதே நினைவுக்கு வரும்.

அந்த யோசனைக்குத்தான் இப்போது இடமில்லை. பக்கத்து மைதானத்தில் கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரி, விளம்பரதாரர் பெயரை ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கத்தும் ஒலிபெருக்கி, எல்இடி திரை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. மாநில அரசு விலக்குக் கொடுத்தாலும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் கிடையாது, அதுவும் நள்ளிரவு வரைதான். கூத்து சூடுபிடிப்பதே அதற்குப் பிறகு. ஆக, சட்டப்படி நடந்தாலே பாதிக் குறை தீரும்.

மீதிப் பாதி கேமராக்காரர்களால் வருவது. ஒரு சேனல் ஆட்கள் மாடத்துக்கே வந்து, பாட்டெல்லாம் வேண்டாம், சண்டை மட்டும் மூன்று நிமிஷம் போதும் என்று கேட்டதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். குங்கிலியப் பொடி தூவித் தீ எழுந்ததும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். படம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாலு பேருக்குக் கலை தெரியவேண்டும்தான். ஆனால் எதை ஆடுவது, எவ்வளவு நேரம் ஆடுவது என்பதைச் சேனல் முடிவு செய்ய ஆரம்பித்தால், அடுத்த தலைமுறைப் புலவர் பாட்டுக்கு உரை படிக்க எதற்கு வருஷக்கணக்கில் மெனக்கெடப் போகிறார்? சண்டைக் காட்சியை மட்டும் கற்றுக்கொண்டால் போதுமே.

இரண்டு விஷயம் கேட்கிறோம். கூத்து நடக்கும் இரவுகளில் மைதானத்து மைக் செட்டை 10 மணிக்கு அணைத்துவிடுங்கள். கேமரா வந்தால் புலவர் சொல்கிற இடத்தில், சொல்கிற நேரம் மட்டும் நிற்கட்டும்.

இன்னொன்று எங்களுக்காக. உற்சவம் முடிந்தால் கூத்துமாடங்கள் மாதக்கணக்கில் சும்மா கிடக்கின்றன. 42 அடி நீளம், மேலே கூரை, எதிரே காலி முற்றம். கோயில் ஆசாரத்துக்குப் பங்கம் வராமல், பகல் நேரத்தில், எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் அமைதியாக உட்கார முற்றத்தையாவது அனுமதியுங்கள். வாடகை வீட்டில் பக்கத்து வீட்டு சீரியல் சத்தத்துக்கு நடுவே நாடகம் எழுதிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். பெருக்கி, விளக்கு துடைத்து, ஒழுகும் கூரை ஓடுகளை மாற்றித் தரும் வேலையை நாங்கள் ஏற்கிறோம்.

விருச்சிக மாதத்தில் அடுத்த உற்சவத்துக்கான கூட்டம் போடும்போது இதையும் எடுத்துப் பேசுங்கள். கூப்பிட்டால் நேரில் வந்து சொல்கிறோம்.

அன்புடன்,
சித்தூர்ப் பக்கத்து நாடகக்காரன்