ஆக்ஸலாட்டில் தொட்டியில கூழாங்கல்லு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஆக்ஸலாட்டில் (செவுள் வெளிய இறக்கை மாதிரி நிக்கற, தண்ணியிலயே வாழற ஒரு சாலமாண்டர்) வளர்க்கறத பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, என் பொண்ணுதான் முதல்ல பார்த்துட்டு ஓடி வந்து காட்டினா. படம் ரொம்ப அழகு, ஆனா அந்தத் தொட்டியில அடியில கலர் கூழாங்கல்லு, மேல பளீர்னு எல்இடி லைட்டு, கூடவே ரெண்டு கோல்ட் ஃபிஷ். அதைப் பார்த்துட்டு யாராவது வீட்ல அப்படியே செஞ்சா அந்த ஜீவன் தாங்காதுங்க, அதான் மனசு கேக்காம எழுதுறேன்.

நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இது. பொண்ணு மைன்கிராஃப்ட் கேம்ல பார்த்துட்டு வேணும் வேணும்னு நின்னதால கொளத்தூர் பக்கம் ஒரு கடையில வாங்கினோம், கடைக்காரர் மீன் தொட்டி மாதிரிதான்க்கா, கல்லு போட்டு செடி நட்டு விட்ருங்கன்னாரு, நாங்களும் அப்படியே செஞ்சோம். மூணாவது வாரம் அது புழுவை நீட்டினாலும் திரும்பிப் பாக்கல, வயிறு உப்பிப் போய் ஒருபக்கமா மிதக்க ஆரம்பிச்சிடுச்சு. அஞ்சு நாள் வீட்ல யாருக்கும் சோறு இறங்கல. ஆறாவது நாள் காலையில தொட்டி மூலையில புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நீலக் கல்லு, மேலெல்லாம் வழவழன்னு, அது வெளிய தள்ளினது. பிழைச்சுது எங்க அதிர்ஷ்டம். அது இரையைக் கடிச்சுத் திங்காது, வாயைப் பொளக்குனு தொறந்து தண்ணியோட சேர்த்து உறிஞ்சும், அப்போ பக்கத்துல கிடக்கற கல்லும் உள்ள போயிடும். அதனால அடியில ஒண்ணும் போடாதீங்க, போட்டே ஆகணும்னா ரவை மாதிரி நைஸ் மணல் மட்டும்.

அடுத்தது சூடு, நம்ம ஊருக்கு இதுதான் பெரிய விஷயம், உங்க கட்டுரையில ஒரு வரி கூட இல்ல. அதோட சொந்த ஊரு மெக்சிகோ சிட்டியில இருக்கற சோச்சிமில்கோ கால்வாய், கடல் மட்டத்துலருந்து 2240 மீட்டர், கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம். அதுக்கு வேண்டியது 16லருந்து 18 டிகிரி தண்ணி. சென்னையில மே மாசம் தொட்டித் தண்ணி 30ஐத் தாண்டும். ஃபேன் வச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும், நம்ம புழுக்கத்துல அதுவும் சரியா இறங்காது, சில்லர், அதாவது தண்ணியைக் குளிர வைக்கற மெஷின், வாங்கித்தான் ஆகணும். அதுக்கும் கரண்ட் பில்லுக்கும் முடியாதுன்னா தயவுசெஞ்சு வாங்காதீங்க, குழந்தை அழுதாலும் பரவால்ல.

செடி விஷயத்துக்கு வர்றேன், எனக்குப் பிடிச்சது அதுதான். அந்தக் குளிர்லயும் மங்கல் வெளிச்சத்துலயும் உயிரோட இருக்கற செடியா பாக்கணும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டும் தங்கம், ஆனா அதோட கிழங்கை மண்ணுல புதைச்சா அழுகிடும், மரக்கட்டையில பருத்தி நூலால கட்டி விடுங்க, வேர் தானா பிடிச்சுக்கும். ஹார்ன்வோர்ட்டை சும்மா மிதக்க விட்டாலே போதும். ஆக்ஸலாட்டிலுக்கு கண்ணுல இமை கிடையாது, வெளிச்சம்னா ஒதுங்கும், மேல செடி மிதந்தா அந்த நிழல்ல நிம்மதியா கிடக்கும். வேர் விட்டு நிக்கற செடிய ராத்திரியோட ராத்திரியா பிடுங்கிடும், கோவப்படக் கூடாது, 25 சென்டிமீட்டர் உடம்பு திரும்பணும்ல. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரெல்லாம் வேண்டவே வேண்டாம், காப்பர் இருக்கற உரம், மருந்து எதுவும் கிட்டயே கொண்டு போகாதீங்க, அதோட தோல் எல்லாத்தையும் உறிஞ்சிடும். ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், தண்ணி வேகமா ஓடினா செவுள் இறக்கை முன்பக்கமா மடங்கும், வால் நுனி சுருளும், அதைப் பார்த்தாலே ஏதோ பிடிக்கலன்னு புரிஞ்சுக்கணும்.

இவ்வளவும் அது வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே ரெடியா இருக்கணும். தண்ணி சைக்கிள் ஆக, அதாவது கழிவை உடைக்கற நல்ல பாக்டீரியா தொட்டியில வளர, நாலு வாரமோ ஆறு வாரமோ ஆகும், அதுவரைக்கும் சில்லர் ஆன் பண்ண வேணாம், பாக்டீரியா வளர நம்ம ஊர் சூடு நல்லதுதான். டெஸ்ட் கிட்ல அமோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோன்னு காட்டினதுக்கப்புறம் மெதுவா குளிர வச்சு, அப்புறம் போய் வாங்குங்க. மெட்ரோ வாட்டர்னா குளோரின் எடுக்கற மருந்து கலக்காம ஊத்தாதீங்க.

இன்னொண்ணு, இது சைட்டிஸ்ங்கற, அரிய உயிரினங்களோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல இருக்கற பிராணி, 2022ல திருத்தின வனவிலங்கு சட்டப்படி வளர்க்கறவங்க மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணணும். கடையில எங்களுக்கு யாரும் சொல்லல, உங்க கட்டுரையிலயும் இல்ல.

அந்த சோச்சிமில்கோவுலயே 1998ல ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6000 இருந்துச்சுன்னு எண்ணினவங்க 2014ல எண்ணினப்போ 36தான் இருந்துச்சாம். அழுக்குத் தண்ணியும், மனுஷங்க கொண்டு வந்து விட்ட திலாப்பியா, கெண்டை மீனும்தான் காரணம்னு படிச்சப்போ தொண்டை அடைச்சிடுச்சு. அப்படிப்பட்ட ஒரு உசுரு நம்ம கூடத்துல பத்துப் பதினஞ்சு வருஷம் வாழ முடியும்.

அதனால அடுத்த இதழ்ல ஒரு சின்ன பெட்டிச் செய்தியாவது போடுங்க, 18 டிகிரி, கல்லு கூடாது, கோல்ட் ஃபிஷ் கூடாதுன்னு. படம் வேணும்னா எங்க தொட்டியை போட்டோ எடுத்து அனுப்புறேன், இப்போ அனுபியாஸ் இலைக்கு அடியில தலைய வச்சுத் தூங்கிட்டிருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை